கழுத்துக்குக் கீழே பார்க்காத கண் ஆஸ்பத்திரி

எங்கள் கண் மருத்துவ உதவியாளர் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் 'பணிக்கால இனிய நினைவுகள்' எழுதித் தர வேண்டுமாம். போன் செய்த பொறுப்பாளர், "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க" என்று வேறு சொன்னார். அவருக்கு என் வாயைப் பற்றி யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். எழுதித் தருகிறேன், போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் பாடு.

உண்மையில் என்னை உட்கார வைத்தது அவர் இல்லை. போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கண் மருத்துவ உதவியாளர் படிப்பில் இருக்கிறவள், கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, டிபி கண்ணுலயும் வருமாம்! இன்னிக்குத்தான் கிளாஸ் எடுத்தாங்க. உங்க காலத்துல இதெல்லாம் தெரிஞ்சிருக்காது இல்ல?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். எங்கள் காலத்தில் தெரியாதாம்! தெரிந்தது, புத்தகத்தில் இருந்தது, பரீட்சையில் கேட்டார்கள், நானும் எழுதி மார்க் வாங்கினேன். தெரிந்து வைத்துக்கொண்டு நாங்கள் பண்ணிய லட்சணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். அத்தா கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்தார். மெட்ராஸில் ரெண்டு வருஷப் படிப்பு. சொட்டு மருந்து விடுவது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடி பவர் எடுப்பது எல்லாம் கற்றேன். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர அந்த ரெண்டு வருஷத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. முடித்ததும் ஊரிலேயே வேலை கிடைத்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் தன் தாயார் பெயரில் ஊருக்கு வெளியே ஒரு தர்ம கண் ஆஸ்பத்திரி கட்டியிருந்தார். அது இன்றைக்கு இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்லிட் லாம்ப் இருந்தது. நோயாளி தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை முட்டுக் கொடுக்க வேண்டும். மெல்லிய கோடு மாதிரி ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு, எதிரில் இருந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். கருவிழியின் உள்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது, உள்ளே இருக்கிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா எல்லாம் தெரியும். முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த உசத்தியான கருவி. அதற்குத் தைத்த வெல்வெட் உறை, ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எல்லாம் உண்டு, உபயோகம்தான் இல்லை. தாடை வைக்கிற தாங்கியில் வருஷக்கணக்காகக் குங்குமம் காய்ந்து கிடந்தது. டாக்டர் வேதகிரிக்கு ஒரு டார்ச் லைட் போதும்.

டாக்டர் வேதகிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் சின்னசேலத்தில் ரயில் இறங்குவார். ஜீப் போய் அழைத்து வரும். வந்ததும் உட்கார மாட்டார். நோயாளிகளைச் சுவரோரமாக வரிசையில் நிறுத்தச் சொல்லுவார். இடது கையால் இமையைத் தூக்குவார், வலது கையால் டார்ச்சை அடிப்பார், 'ம்' என்பார், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். நான் பின்னாலேயே சீட்டோடு ஓட வேண்டும். அந்த 'ம்'மின் நீளத்தை வைத்து நான் மருந்து எழுத வேண்டும். குட்டை 'ம்' என்றால் கண்வலி மருந்து, நீட்டி இழுத்தால் புரை ஆபரேஷன். மதியச் சாப்பாட்டுக்குள் அறுபது பேரைத் தள்ளிவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கைராசிக்காரர் என்று ஊரில் பெயர்! என் அத்தா கூட அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

அவரிடம் ஒரு வாசகம் உண்டு. யாராவது வயிறு, மூட்டு, இருமல் என்று ஆரம்பித்தால், "நான் கழுத்துக்கு மேல டாக்டர்" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். முதல் வருஷம் நானும் சிரித்தேன்.

ஏழுமலை வந்தது எனக்கு மூன்றாவது வருஷம். வடக்கனந்தல்காரர், லாரி டிரைவர். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கமிருந்து புளி, கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சின்னசேலத்தில் கொண்டுபோய் இறக்குவார். அந்த மலை ரோட்டில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர். காக்கி பேன்ட்டில் பெல்ட் கட்டியிருந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"கண்ணுல மண்ணு பூந்த மாதிரி கீதுங்க சிஸ்டர். வெளிச்சத்தப் பாத்தா கூசுது. பத்து நாளா செவந்துக்கினே இருக்குது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு தடவை இருமினார்.

டாக்டர் வர நேரமிருந்தது. வெல்வெட் உறையைக் கழற்றினேன், குங்குமத்தைச் சுரண்டினேன், அவரை உட்கார வைத்தேன். வலது கண்ணில் வெளிச்சத்தை விட்டதும் தெரிந்தது. கருவிழியின் உள்பக்கம், கீழ்ப் பாதியில், வெளுப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள். பிரியாணிச் சட்டி ஆறிய பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஒட்டியிருக்குமே, அப்படி. சாதாரணக் கண்வலியில் இது வராது. உள்கண் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதிலும் இந்த மாதிரித் துளி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் டிபியும் ஒன்று.

டிபி என்றால் நெஞ்சுச் சளி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிருமி நுரையீரலோடு நிற்காது. ரத்தத்தில் ஏறினால் எலும்புக்குப் போகும், மூளைக்குப் போகும், கண்ணுக்கும் போகும். சில பேருக்குக் கிருமியே கண்ணுக்குள் வந்து உட்காரும். சில பேருக்குக் கிருமியை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டையில் கண் புண்ணாகும். வெளியே பார்க்கிறவர்களுக்கு ரெண்டும் வெறும் சிவப்புதான். உள்ளே கண்ணின் பாப்பா, அதாவது நடுவில் இருக்கிற கறுப்பு மணி, லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், லென்ஸ் மங்கும், பின்னால் இருக்கிற திரை பாழாகும். நெஞ்சைக் கவனிக்காமல் கண்ணை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

சீட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் 'இருமல், எடை குறைவு, சளிப் பரிசோதனை?' என்று ஒரு வரி சேர்த்தேன். டாக்டர் வரிசையில் வந்தார், இமையைத் தூக்கினார், 'ம்' என்றார், குட்டையாக.

"சார், லாம்ப்புல பார்த்தேன். உள்ள துளித்துளியா இருக்கு. ஆளுக்கு இருமலும் இருக்கு" என்றேன்.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். என் கடைசி வரியின் மேல் பச்சை மையால் ஒரு கோடு இழுத்தார். "சிஸ்டர், நான் கழுத்துக்கு மேல டாக்டர். நீங்க என்ன, நெஞ்சு டாக்டரா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார், பாவி மனுஷன்.

எழுதிக் கொடுத்தது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. நாலே நாளில் கண் பளிச்சென்று வெளுத்துவிட்டது. வீக்கத்தை அது அடக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும். ஏழுமலை என்ன செய்தார்? தீர்ந்துபோன குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் சிவக்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் குப்பியைக் காட்டிப் புதுசு வாங்கிக்கொண்டார். லாரி ஸ்டாண்டில் அதற்குச் 'செவப்பு மருந்து' என்று பெயரே விழுந்துவிட்டது. ராத்தூக்கம் கெட்டுக் கண் சிவந்த டிரைவர்கள் எல்லாரும் அவர் குப்பியில் இருந்தே ரெண்டு சொட்டு விட்டுக்கொள்வார்களாம். டாக்டரின் கைராசி அப்படிப் பரவியது!

ஆறு மாதம் கழித்து லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்ட்டிபிகேட்டுக்கு வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டிரைவர்கள் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. சோதிக்கிறது நான், கையெழுத்து டாக்டர்.

பார்வையைச் சோதிக்க எங்களிடம் ரெண்டு வழி இருந்தது. ஒன்று, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரப் பொடி எழுத்து. ஆறு மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்க வேண்டும். இன்னொன்று, கையில் பிடிக்கிற 'ஈ' அட்டை. ஆங்கில எழுத்து 'ஈ'யை நான் மேலே கீழே பக்கவாட்டில் திருப்பித் திருப்பிக் காட்டுவேன், அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த அட்டை. மனப்பாடம் பண்ண முடியாது என்பது அதில் இருக்கிற பெரிய வசதி. பலகையை மனப்பாடம் பண்ணாத டிரைவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. புதிதாக வருகிறவனுக்கு லாரி ஸ்டாண்டில் அந்த எழுத்துகளை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். கிளீனர்கள் டயர் மாற்றும்போது அதைப் பாடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

டிரைவர்களுக்கு 'ஈ' அட்டை வேண்டாம் என்று டாக்டர் உத்தரவு போட்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிஷம் பிடிக்கிறதாம். அவர் ரயிலைப் பிடிக்க வேண்டாமா?

ஏழுமலை வந்து நின்றார். இடது கண்ணைப் பொத்தினார். "ப, ட ய, க ந ம" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கடைசி வரி வரைக்கும் போனார். கடைசி வரிக்குக் கீழே பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் எறும்பு சைஸில் இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். கிட்டப் போனால் ஒழிய அதை எனக்கே படிக்க வராது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ரெண்டு கண்ணுக்கும் முழுப் பார்வை என்று எழுதி, என் இனிஷியலைப் போட்டு, "அடுத்து" என்றேன்.

அதற்கடுத்த சில மாதத்தில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. ஒரு வாரம் எங்கள் ஜில்லா முழுக்க வண்டி ஓடவில்லை. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். மரங்களிடம் யாரும் எண்ணம் கேட்கவில்லை. ரயிலும் இல்லை, ஜீப்பும் இல்லை, டாக்டர் வேதகிரி சேலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நானும் காவலாளியும்தான்.

மறியல் ஆரம்பித்தபோது ஏழுமலை மலைமேல் மாட்டிக்கொண்டார். லாரி நிறைய மரவள்ளிக் கிழங்கு. மூன்று நாள் போனால் கிழங்கு கறுத்துவிடும். எப்படியாவது இறக்கிக் கொண்டுவா என்று லாரி முதலாளி ஆள்விட்டுச் சொன்னார். அந்த முதலாளி மறியலைத் திட்டிக்கொண்டிருந்தவர், ஊருக்கே தெரியும். நாலாம் நாள் காலையில் ஏழுமலை இறங்கினார். அடிவாரத்தில் தன் ஊரை நெருங்குகிற வளைவில், வெயில் முகத்தில் அடிக்க, குறுக்கே கிடந்த மரத்தில் நேராகக் கொண்டுபோய் மோதினார். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். ஒருவன் மட்டும் கிளையில் மாட்டிக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாகிவிட்டது. அவன் முருகேசன், ஏழுமலையின் பெண்சாதி அஞ்சலைக்குச் சொந்தத் தம்பி.

பன்னிரண்டு வருஷ டிரைவருக்குப் பட்டப்பகலில் ஒரு புளியமரம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? முதலாளி சொல்லி வேண்டுமென்றே ஏற்றினான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அஞ்சலையின் அண்ணன் கோவிந்தன், கிடைத்தால் வெட்டுவேன் என்று கொடுவாளோடு திரிந்தான். போலீஸில் கொலை முயற்சி என்று புகார் எழுதிக் கொடுத்தாயிற்று.

மறுநாள் மத்தியானம் அஞ்சலை புருஷனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வடக்கனந்தலில் இருந்து வயல்வழியாகவும், ரோட்டில் கிடந்த மரங்களில் ஏறி இறங்கியும் நடந்தே வந்திருக்கிறார்கள். அவர் கையை அவள் விடவே இல்லை. படியேறும்போது, "படி கீது, காலத் தூக்கு" என்று சொன்னாள். அது என் காதில் விழுந்ததுமே எழுந்து வாசலுக்குப் போனேன்.

"சிஸ்டரம்மா, இவருக்குக் கண்ணு தெர்ல. சோத்துத் தட்டு எங்க கீதுன்னு தடவிக்கினு உக்காந்துக்கிறாரு. தெர்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா. எங்க அண்ணன் வெட்டிப் போட்ருவான்."

ஏழுமலை அவள் கையை உதறினார். "இன்னாத்துக்குடி எழுதணும்? எனக்கு நல்லா தெரியுது. நான் வேணும்னுதான் மோதுனேன்."

"ஐயோ, இப்டித்தான் சொல்லிக்கினு கெடக்குது இந்த மனுசன்!"

"சும்மா இருடி. சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. ஜெயிலுக்குப் போனா நாலு வருசமோ அஞ்சு வருசமோ, திரும்பி வந்து வண்டி ஓட்டுவேன். கண்ணு தெர்லன்னு எழுதிட்டா ஜென்மத்துக்கும் ஸ்டேரிங்கப் புடிக்க முடியாதுங்க."

பெல்ட்டில் இன்னும் ரெண்டு ஓட்டை கூடியிருந்தது. லாம்ப்பில் உட்கார வைத்தேன். வலது கண்ணில் பாப்பா வட்டமாக இல்லை, லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கிழிந்த துணியோரம் மாதிரி இருந்தது. லென்ஸ் வெளுத்திருந்தது. கண் அழுத்தம் ஏறியிருந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல முடிந்தது. இடது கண்ணிலும் அதே கொழுப்புத் துளிகள். மூன்று மீட்டரில் என் விரலை எண்ணினார், அவ்வளவுதான். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த மலை ரோட்டில் எப்படி இறங்கினார் என்று கேட்டேன். "பழக்கம்தாங்க. கொண்டையூசி வளைவெல்லாம் மனசுல கீது" என்றார். ரோட்டையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார். மரம் புதிதாக விழுந்தது, பாடத்தில் இல்லை.

அன்றைக்கே கையோடு அரசாங்க டிபி பிரிவுக்குக் கூட்டிப்போய்ச் சளி கொடுக்க வைத்தேன். மூன்று டப்பா. கிருமி நிறைய இருந்தது. அங்கிருந்த டாக்டர் என் சீட்டை வாசித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு முன்னாடியே உனக்குச் சந்தேகம் வந்ததா? அப்புறம் ஏன்மா அனுப்பல?" என்று கேட்டார். நான் எங்கள் டாக்டரைக் கை காட்டினேன். "உனக்குக் கால் இல்லையா?" என்றார். ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிஷம். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த ஆத்திரம். அன்றே மருந்து ஆரம்பித்தார். டிபி மாத்திரைகளில் ஒன்று கண் நரம்பைக் கெடுக்கக் கூடியது, அதை மட்டும் இவருக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தார். கழுத்துக்கு மேலேயும் பார்க்கத் தெரிந்த மனுஷன்.

மறியல் முடிந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வேதகிரி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டார்ச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சர்ட்டிபிகேட்ல யார் இனிஷியல்?"

"என்னுதுதான் சார்."

"அப்போ கண்ணு தெரியாதுன்னு சொன்னா யாருக்குக் கேடு? கண்ணு இப்பவும் நல்லாத்தான் இருக்குன்னு எழுதிடலாம். முடிஞ்சுது."

"அப்போ அவரு வேணும்னு மோதுனதா ஆகிடுமே சார்?"

"அது போலீஸ்காரன் வேலை. நம்ம சர்ட்டிபிகேட்டு சரியா இருக்கணும். பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வராரு. நீ பலகையில படிக்க வெச்சுக் காமி, மத்தத நான் பாத்துக்கறேன்."

எப்பேர்ப்பட்ட மூளை! ஒருவன் கண் போய், உயிரும் போகட்டும், இவர் பச்சை மைக்குக் குறை வரக்கூடாது. என் யோக்கியதையும் சொல்லிவிடுகிறேன். "சரி சார்" என்றுதான் நான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். அத்தாவுக்கு அப்போது கடையில் வியாபாரம் கம்மி. சரி என்று சொல்லிவிட்டுப் பரிசோதனை அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஆணியில் இருந்து எழுத்துப் பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் இருந்தது. அவசரத்தில் இழுத்ததில் ஆணியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். கூடவே கோவிந்தனும் ஊர்க்காரர்கள் நாலு பேரும். அஞ்சலை வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். டாக்டர் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார், அந்த ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் நாற்காலி சுவருக்கு முதுகு காட்டி இருந்தது. நான் ஏழுமலையைத் தோளைப் பிடித்துக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன்.

"பலகையைப் படிங்க ஏழுமலை."

அவருக்கு முகம் மலர்ந்தது. நான் தெரிந்தேதான் உதவுகிறேன் என்று நினைத்திருப்பார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ப, ட ய, க ந ம" என்று கணீரென்று ஆரம்பித்தார். ரெண்டாவது வரி, மூன்றாவது வரி. எஸ்.ஐ. சுவரைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். ஏழுமலை பொடி எழுத்துக்கு வந்துவிட்டார். நடுவில் இருமல் வந்தது. இருமி முடித்து, விட்ட இடத்தில் இருந்து பிடித்து, அச்சகத்தின் பெயரையும் சொல்லி முடித்தார்.

கோவிந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னா மச்சான்... செவுத்தப் படிக்கிற?"

ஏழுமலைக்குப் புரியவில்லை. "பலகை மச்சான், பலகை" என்றார், கையை நீட்டிக் காட்டினார்.

"பலகையே இல்லையே மச்சான். வெறும் செவுரு."

அவர் கையைத் துழாவிக்கொண்டு ஆறு மீட்டரும் நடந்து போனார். யாரும் தடுக்கவில்லை. சுவரைத் தடவினார். ஆணி இருந்த ஓட்டையில் விரல் பட்டது. அப்படியே நெற்றியைச் சுவரில் வைத்து நின்றுவிட்டார். கோவிந்தன் போய் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான், அழுதான். வெட்டப் போனவன் அழுகிறான்! வாசலில் அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பன்னிரண்டு வருஷ டிரைவரை அத்தனை பேர் முன்னால் அப்படி நிற்க வைத்தவள் நான். உயிரைக் காப்பாற்றினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள என்னால் இன்றைக்கும் முடியவில்லை.

எஸ்.ஐ. சர்ட்டிபிகேட்டைத் தூக்கிப் பிடித்தார். "இதுல ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு போட்டுருக்கே. யார் பண்ண டெஸ்ட்?"

"சிஸ்டர்தான்" என்றார் டாக்டர் வேதகிரி, அரை விநாடி தாமதிக்காமல்.

"நான்தான் சார். அவரு அன்னிக்கும் இப்படித்தான் படிச்சாரு. எனக்குத் தெரியும்" என்றேன்.

பச்சைக் கோடு போட்ட பழைய சீட்டை மேஜைமேல் வைத்தேன். எஸ்.ஐ. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்க உள்விவகாரம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். கொலை முயற்சி போய்க் கவனக்குறைவு என்று வழக்கு மாறியது. எஸ்.ஐ.க்கு அது போதும். எனக்கு நிர்வாகக் குழுவில் இருந்து மெமோ வந்தது, மூன்று மாதத்தில் வேலையும் போனது. டாக்டர் வேதகிரிக்கு அந்த ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, தன்னலமற்ற சேவை என்று வாழ்த்துப் பத்திரம் வாசித்தார்கள். நல்ல கைத்தட்டலாம்.

பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. மலைக்குப் போகிற கண் முகாம் வண்டியில் வருஷக்கணக்காக அலைந்தேன். கண் சிவப்பு திரும்பத் திரும்ப வருகிற ஆளைப் பார்த்தால் பெல்ட்டைப் பார்ப்பேன், பாவாடை நாடாவைப் பார்ப்பேன், இருமலைக் கேட்பேன், சளிக்கு அனுப்புவேன். எத்தனையோ பேருக்கு ஒன்றும் இருக்காது. டாக்டர்கள் எனக்கு 'சளி சிஸ்டர்' என்று பட்டம் கொடுத்தார்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கருவிழி ஓரத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைக் கொப்புளம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டேன். மாமனாருக்கு, ரெண்டு வருஷமாக. ரெண்டு பேருக்கும் மருந்து கொடுத்தோம். அன்றைக்கு என்னைச் சளி சிஸ்டர் என்று சிரித்த டாக்டர் அதைத் தன் பெயரில் கட்டுரையாக வாசித்தார். நடக்கட்டும்.

ஏழுமலைக்கு ஒன்றரை வருஷத்தில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் பாதிக்கும் குறைவாகப் பார்வை மிஞ்சியது. நடமாடலாம், வண்டி ஓட்ட முடியாது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற வேலையில் சேர்ந்துகொண்டார்.

அங்கேதான் ஒருநாள் அவரிடம் மாட்டிக்கொண்டேன். அதற்கு முன்னால் எத்தனையோ முறை தள்ளி நின்றே பஸ் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு வந்து இறங்கிய பஸ்ஸின் நடத்துநரிடம் நான் சில்லறைக்காக வாய்ச்சண்டை போட, குரலைக் கேட்டு வந்துவிட்டார்.

"நூரு சிஸ்டருங்களா?"

"ஆமா ஏழுமலை. நல்லா இருக்கீங்களா? அஞ்சலை எப்படி இருக்கு?"

"வூட்ல நல்லாக்கீது." இன்னும் கிட்ட வந்தார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுங்க. செவுத்தப் படிக்க வெச்சீங்களே, அதக் கேக்கல. அது என் தலயெழுத்து, எங்க மச்சான் கையால சாவாம பொழச்சேன். அதுக்கு முன்ன, லைசென்சுக்கு வந்தேன் பாருங்க. நான் பொய்யாப் படிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சுது, சிரிச்சீங்க. அன்னிக்கே நிறுத்தியிருந்தா ரெண்டு கண்ணும் பொழச்சிருக்கும்னு டிபி டாக்டரு சொன்னாரு."

நான் சில்லறையைப் பர்ஸில் போட்டேன்.

"நான் வயித்துக்கோசரம் பொய் சொன்னேன். நீங்க எதுக்கோசரங்க எழுதுனீங்க?"

டாக்டர் உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். பச்சைக் கோட்டைச் சொல்லியிருக்கலாம். 'ஈ' அட்டை அன்றைக்கு என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். எடுக்கக் கூடாது என்று யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"வரிசை ஜாஸ்தியா இருந்துச்சு ஏழுமலை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சேலம் பஸ் உள்ளே வந்தது. எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் ஒரு இடத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பிடித்து வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார்.